கடனில் சேர்ந்த பயிற்சியைப் பாதியில் விடுவதா? வெளியேறும் முன் அறிய வேண்டியவை

எஸ்.பி.எம் தேர்வு முடிவுகள் வந்த சில வாரங்களில் ரவாங், பத்து ஆராங், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் காலி வட்டாரங்களில் பல இளைஞர்கள் ஏதாவது ஒரு பயிற்சிக் கல்லூரியில் பெயர் பதிந்துவிடுகிறார்கள். வாகனப் பழுதுபார்ப்பு, மின்சாரக் கம்பியிணைப்பு, குளிர்சாதனம், சமையல் கலை, அழகுக்கலை, கணினி என்று துறைகள் பல. கட்டணத்தைக் கடன் பார்த்துக்கொள்ளும் என்பதால் சேர்வது எளிதாக இருக்கிறது.

சில மாதங்களில் நிலைமை மாறுவதும் உண்டு. அப்பாவுக்கு உடல்நலம் கெடுகிறது. வீட்டுக்கு உடனே வருமானம் தேவைப்படுகிறது. தோட்டத்திலிருந்து கல்லூரிக்குப் பேருந்து வசதி சரியில்லை. சொன்ன பாடம் ஒன்று, நடத்துவது ஒன்று என்று தெரிய வருகிறது. தொழிற்சாலையில் வேலை கிடைக்கிறது. பையனோ பெண்ணோ ஒரு திங்கட்கிழமை வகுப்புக்குப் போகாமல் நின்றுவிடுகிறார். யாரும் எதுவும் கேட்காததால் விஷயம் முடிந்தது என்று குடும்பம் நினைத்துக்கொள்கிறது.

அப்படி முடிவதில்லை. பயிற்சி நின்றாலும் கடன் நிற்காது. பயிற்சியை விடுவது தவறு என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. விடுவதே சரியான முடிவாக இருக்கும் சூழ்நிலைகள் உண்டு. ஆனால் எப்படி விடுகிறோம், எந்தத் தேதியில் எழுத்துப்பூர்வமாகச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் தலையில் விழும் கடனின் அளவு அமையும்.

ஒரு படிப்பு, இரண்டு ஒப்பந்தங்கள்

கடனில் படிக்கும் மாணவர் இரண்டு இடங்களில் கையெழுத்திடுகிறார். ஒன்று கல்லூரியுடனான ஒப்பந்தம். அதில் கட்டணம், வருகைப் பதிவு, விலகும் விதிமுறை, பணம் திரும்பக் கிடைக்கும் காலக்கெடு ஆகியவை இருக்கும். மற்றொன்று கடன் கொடுக்கும் அமைப்புடனான ஒப்பந்தம். அதில் கடன் தொகை, பகுதி பகுதியாகப் பணம் விடுவிக்கும் முறை, திருப்பிச் செலுத்தத் தொடங்கும் காலம், இடையில் நின்றால் என்ன ஆகும் என்ற பிரிவு ஆகியவை இருக்கும்.

கல்லூரியிடம் "நின்றுகொள்கிறேன்" என்று சொல்வது முதல் ஒப்பந்தத்தை மட்டுமே தொடும். கல்லூரி கடன் அமைப்புக்குத் தகவல் அனுப்பிவிடும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். கடன் வாங்கியவர் நீங்கள். தெரிவிக்கும் பொறுப்பும் உங்களுடையது. ஆகவே வெளியேறும்போது இரண்டு கடிதங்கள் போக வேண்டும்.

உங்கள் கடன் எந்த வகை?

முதலில் கடன் யாருடையது என்று சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். "அரசாங்க லோன்" என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் பல வகைகள் உள்ளன.

*பிடிபிடிஎன்:* தேசிய உயர்கல்வி நிதிக் கழகம். 1997-ஆம் ஆண்டின் 566-ஆவது சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. அங்கீகாரம் பெற்ற டிப்ளோமா, பட்டப் படிப்புகளுக்கு இது கடன் தருகிறது. இப்போதைய கடன்களுக்கு உஜ்ரா எனப்படும் சேவைக் கட்டணம் ஆண்டுக்கு 1 விழுக்காடு. படிப்பை முடித்தவர் 12 மாதங்கள் கழித்துத் திருப்பிச் செலுத்தத் தொடங்குவது வழக்கம். இடையில் நிற்பவருக்கும் அதே அவகாசம் தானாகக் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். படிப்பு நிறுத்தம் குறித்து உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள பிரிவைப் படித்துப் பாருங்கள்.

*பிடிபிகே:* திறன் மேம்பாட்டு நிதிக் கழகம். 2004-ஆம் ஆண்டின் 640-ஆவது சட்டத்தின் கீழ் வருவது. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம், அதற்கு மேற்பட்ட டிகேஎம், டிஎல்கேஎம் பயிற்சிகளுக்கான கடன் இது. பயிற்சிக் கட்டணம் நேரே பயிற்சி மையத்திற்குப் போகும். வாழ்க்கைச் செலவுக்கான உதவித்தொகை பயிற்சியாளரின் கணக்கிற்கு வரும். கட்டணம் மாணவரின் கைக்கே வராததால், "நான் வாங்காத பணம்" என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. மையத்திற்குப் போனாலும் அது உங்கள் பெயரில் உள்ள கடன்தான்.

*சமூக அமைப்புகளின் கடன்:* மஇகாவின் கல்விக் கரமான எம்ஐஇடி போன்ற அமைப்புகளும் அறநிறுவனங்களும் தரும் கல்விக் கடன்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதிமுறை உண்டு.

*வங்கி, கூட்டுறவுக் கடன்:* பெற்றோரின் பெயரில் எடுத்த தனிநபர் கடனாக இருந்தால், படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளை முதல் நாளே நின்றாலும் மாதத் தவணை ஓடும். செலுத்தாத மாதங்கள் பேங்க் நெகாராவின் சிசிரிஸ் பதிவில் தெரியும். வீட்டுக் கடனோ கார் கடனோ கேட்கும்போது அது தடையாக நிற்கும்.

*உரிமம் பெற்ற வட்டிக் கடை:* 1951-ஆம் ஆண்டின் வட்டித் தொழில் சட்டப்படி, அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு, அடமானம் உள்ள கடனுக்கு 12 விழுக்காடு என்பதே உச்ச வரம்பு. அதற்கு மேல் கேட்பவர் சட்டத்தை மீறுகிறார்.

இலவசப் பயிற்சி என்று சொல்லிச் சேர்க்கப்பட்டவர்களும் தங்கள் தாள்களைப் பார்க்க வேண்டும். "பிஞ்சாமான்" என்று எழுதியிருந்தால் அது கடன். "பியாசிஸ்வா" அல்லது "கெரான்" என்று இருந்தால் உதவி நிதி. உதவி நிதியிலும் இடையில் நின்றால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கலாம்.

தேதியே பணம்

கடன் தொகை முழுவதும் ஒரே நாளில் வெளியாவதில்லை. பருவம் பருவமாக, கட்டம் கட்டமாகத்தான் விடுவிக்கப்படும். விடுவிக்கப்படாத பணம் உங்கள் கடனாகாது. இதைப் புரிந்துகொள்ள ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

பயிற்சி நான்கு பருவங்கள். பருவத்திற்குக் கட்டணம் 4,000 ரிங்கிட், உதவித்தொகை 1,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். அங்கீகரிக்கப்பட்ட மொத்தக் கடன் 20,000 ரிங்கிட்.

முதல் பருவம் முடிந்ததும் ஒரு மாணவி விலகுகிறார். இரண்டாம் பருவப் பணம் வெளியாகும் முன்பே கல்லூரிக்கும் கடன் அமைப்புக்கும் எழுதிவிடுகிறார். அவர் கடன் 5,000 ரிங்கிட். மாதம் 100 ரிங்கிட் கட்டினால், சேவைக் கட்டணம் நீங்கலாக, 50 மாதங்கள்.

அதே வகுப்பில் இன்னொரு மாணவர் அதே நாளில் நிற்கிறார். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. பதிவேட்டில் அவர் பெயர் இருப்பதால் இரண்டாம் பருவப் பணமும் வெளியாகிவிடுகிறது. அவர் கடன் 10,000 ரிங்கிட்; 100 மாதங்கள். ஒரு நாள்கூடப் போகாத பருவத்திற்கு ஐந்தாயிரம் ரிங்கிட் கூடுதல் கடன். அதில் நாலாயிரம் கல்லூரிக்குப் போயிருக்கும்.

இரண்டு பேரும் படித்தது ஒரே அளவுதான். நேரத்தில் போன இரண்டு கடிதங்கள் அவர்கள் கடனை இரு மடங்கு வித்தியாசமாக்கிவிட்டன.

நின்ற பிறகு உதவித்தொகை கணக்கில் விழுந்தால் அதைத் தொட வேண்டாம். திருப்பிச் செலுத்தும் முறையைக் கடன் அமைப்பிடம் கேட்டு அப்படியே செலுத்திவிட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

17 வயதில் போட்ட கையெழுத்து செல்லுமா?

"கையெழுத்துப் போட்டபோது பிள்ளைக்கு 18 வயதாகவில்லை, ஆகவே ஒப்பந்தம் செல்லாது" என்று சிலர் ஆலோசனை சொல்வதுண்டு. இதற்குப் பின்னால் ஒரு பழைய வழக்கு இருக்கிறது.

மலேசிய அரசாங்கம் எதிர் குர்சரண் சிங் என்ற அந்த வழக்கு 1971-இல் சட்ட அறிக்கைகளில் வெளியானது. அரசாங்கச் செலவில் ஆசிரியர் பயிற்சி பெற்ற ஒருவர், ஐந்தாண்டுகள் பணியாற்றுவதாக ஒப்புக்கொண்டிருந்தார். காலம் முடியும் முன்பே பணியை விட்டதால் அரசாங்கம் 11,500 வெள்ளி கேட்டு வழக்குத் தொடுத்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது அவர் வயது வராதவர். 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி அந்த ஒப்பந்தம் செல்லாது என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் அத்துடன் அவரை விட்டுவிடவில்லை. கல்வி என்பது வாழ்க்கைக்குத் தேவையான ஒன்று. அதற்கான நியாயமான செலவை அவர் ஈடுசெய்ய வேண்டும் என்று சொல்லி 2,683 வெள்ளி செலுத்த உத்தரவிட்டது. பணியாற்றாமல் விட்ட காலத்தின் விகிதத்திற்கு ஏற்ற தொகை அது.

அதன் பிறகு சட்டமே மாறிவிட்டது. 1976-இல் ஒப்பந்தச் சட்டத்திற்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம், அரசாங்கமும் சட்டப்படி அமைந்த கழகங்களும் தரும் உபகாரச் சம்பளம், கல்விக் கடன் போன்ற ஒப்பந்தங்களை, கையெழுத்திட்டவர் வயது வராதவர் என்ற காரணத்தால் செல்லாது என்று சொல்ல முடியாது எனத் திட்டவட்டமாக்கியது. ஆகவே பிடிபிடிஎன், பிடிபிகே கடன்களில் "எனக்கு 17 வயதுதான்" என்ற வாதம் எடுபடாது. இந்த ஆலோசனையை நம்பி வரும் கடிதங்களைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

ஜாமீன் போட்டவரின் நிலை

தோட்டப்புறத்தில் ஜாமீன் கேட்டால் மாமாவோ, பெரியப்பாவோ, அப்பாவுடன் வேலை செய்த மண்டோர் அண்ணனோ முகத்துக்காகக் கையெழுத்துப் போடுகிறார்கள். பெயருக்குத்தான் என்று சொல்லித்தான் தாளை நீட்டுகிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 81-ஆவது பிரிவின்படி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாத வரை, கடன் வாங்கியவரிடம் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது.

ஆனாலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2017 அக்டோபர் 6-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, லாபம் கருதாமல் கல்விக் கடனுக்கு ஜாமீன் நின்றவர் "சமூக ஜாமீன்தாரர்" ஆகிறார். அவர்மீது திவால் நடவடிக்கை எடுக்க முடியாது. கடன் வாங்கியவருக்கும் திவால் வரம்பு உயர்ந்துள்ளது. முன்பு 30,000 ரிங்கிட்டாக இருந்தது, 2017-இல் 50,000 ஆனது. 2021 முதல் 100,000 ரிங்கிட். சாதாரணத் திறன் பயிற்சிக் கடன் இந்த வரம்பைத் தொடுவது அரிது.

இதனால் ஜாமீன்தாரர் முழுவதுமாகத் தப்பிவிட்டார் என்று பொருள் கொள்ளக்கூடாது. திவாலாக்க முடியாதே தவிர, பணம் கேட்டுச் சிவில் வழக்குப் போட முடியும். தீர்ப்பு வந்தால் அதை நிறைவேற்றும் வழிகளும் உண்டு. ஆகவே பயிற்சியை விட முடிவெடுத்தவுடன் கல்லூரிக்குச் சொல்லும் அதே வாரத்தில் ஜாமீன் போட்டவரின் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிடுங்கள். வழக்கறிஞர் கடிதம் மூலம் அவர் தெரிந்துகொள்ளும் நிலை வந்தால், பணத்தைவிட உறவுக்குத்தான் முதலில் சேதம்.

விலகுவதற்கு முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

*தள்ளிவைக்க முடியுமா?* மலாயில் "தங்கோ" என்பது ஒத்திவைப்பு. "பெர்ஹெந்தி" அல்லது "தாரிக் டிரி" என்பது நிரந்தர விலகல். குடும்பத்தில் நோய், பிரசவம், விபத்து போன்ற தற்காலிகக் காரணங்களுக்கு ஒத்திவைப்புப் போதும். அவசரத்தில் "பெர்ஹெந்தி" பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் மீண்டும் உள்ளே போவது கடினம். ஒத்திவைப்புக்கும் கல்லூரியின் அனுமதி மட்டும் போதாது. கடன் அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும்.

*வேறு இடத்திற்கு மாற முடியுமா?* பாடம் பிடிக்கவில்லை, கல்லூரி சரியில்லை என்பது காரணமானால், இருக்கும் கடனை என்ன செய்வது என்று கடன் அமைப்பிடம் எழுத்துப்பூர்வமான பதில் வாங்கிய பிறகே புதிய இடத்தில் பெயர் பதியுங்கள். இல்லாவிட்டால் பழைய கடன் ஒரு பக்கம், புதிய கட்டணம் மறுபக்கம் என்று இரண்டும் சேர்ந்துவிடும்.

*இதுவரை கற்றதற்குச் சான்று கிடைக்குமா?* பலர் தவறவிடுவது இதைத்தான். எஸ்கேஎம் பயிற்சி, திறன் அலகுகளாகப் பிரிக்கப்பட்டது. எல்லா அலகுகளையும் முடித்தால் முழுச் சான்றிதழ். சில அலகுகளில் மட்டும் தேர்ச்சி பெற்றவருக்கு "பெஞ்ஞாத்தா பெஞ்சாப்பாயான்" என்ற அடைவுநிலைச் சான்றைத் திறன் மேம்பாட்டுத் துறை வழங்குகிறது. நீங்கள் முடித்த அலகுகள் மதிப்பிடப்பட்டுப் பதிவாகிவிட்டனவா என்று மையத்தில் கேளுங்கள். இன்னும் இரண்டு வாரம் இருந்தால் ஓர் அலகு முடியும் என்றால், அந்த இரண்டு வாரத்தைத் தாண்டிவிட்டு விலகுவது நல்லது. கடன் கட்டப்போவது உறுதி. கட்டும் பணத்திற்குக் கையில் ஒரு தாளாவது இருக்கட்டும்.

பிற்காலத்தில் வேலை அனுபவத்தைக் காட்டி, வகுப்புக்குப் போகாமலேயே எஸ்கேஎம் பெறும் வழியும் உண்டு. முன்னர் பெற்ற அடைவுக்கான அங்கீகாரம் என்ற அந்த முறையை "பிபிடி" என்பார்கள். வேலை செய்துகொண்டே பயிலும் தேசிய இரட்டைப் பயிற்சி முறையான எஸ்எல்டிஎன் 2005 முதல் நடப்பில் உள்ளது. வருமானத்திற்காக வேலைக்குப் போக வேண்டிய கட்டாயத்தில் விலகுபவர்கள் இந்த இரண்டையும் விசாரித்து வைத்துக்கொள்ளலாம்.

விலகும்போது செய்ய வேண்டியவை

1. இரண்டு ஒப்பந்தங்களையும் எடுத்து, விலகல் குறித்த பிரிவுகளைப் படியுங்கள். நகல் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை.

2. அடுத்த பருவப் பணம் எந்தத் தேதியில் வெளியாகும் என்று கடன் அமைப்பிடம் கேளுங்கள். அதற்கு முன் உங்கள் கடிதம் சேர வேண்டும்.

3. கல்லூரிக்கு விலகல் கடிதம் எழுதுங்கள். பெயர், மைகாட் எண், மாணவர் எண், பயிற்சியின் பெயர், கடைசியாக வகுப்புக்கு வந்த நாள், விலகும் நாள், காரணம் ஆகியவை இருந்தால் போதும். நீண்ட விளக்கம் வேண்டாம்.

4. நேரில் கொடுத்தால் நகலில் "தெரிமா" முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அஞ்சலில் அனுப்பினால் பதிவு அஞ்சல். வாட்ஸ்அப்பில் ஆசிரியருக்குச் சொன்னது விலகல் கடிதமாகாது.

5. அதே நாளில் கடன் அமைப்புக்கும் கடிதம் அனுப்பி, மேற்கொண்டு பணம் விடுவிக்க வேண்டாம் என்று கேளுங்கள். கல்லூரிக் கடிதத்தின் நகலையும் இணையுங்கள்.

6. கல்லூரியிடமிருந்து விலகல் உறுதிக் கடிதமும், பெற்ற பணத்திற்கான கணக்கும் வாங்குங்கள்.

7. கடன் அமைப்பிடமிருந்து நிலுவைக் கணக்கு வாங்கி, கல்லூரி தந்த கணக்குடன் ஒப்பிட்டுப் பாருங்கள். தேதியும் தொகையும் ஒத்துப்போகாவிட்டால் உடனே எழுதிக் கேளுங்கள்.

8. மாதத் தவணையை உங்கள் வருமானத்திற்கு ஏற்ப மாற்றியமைக்கக் கோரிக்கை வையுங்கள். சிறு தொகையானாலும் தொடர்ந்து கட்டுபவரிடம் பேச வழி இருக்கும்; தொடர்பே இல்லாதவரிடம் வழக்குதான் பேசும்.

9. முகவரி, தொலைபேசி எண் மாறினால் தெரிவியுங்கள்.

இவை அனைத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள். கடன் முடிந்து அதற்கான உறுதிக் கடிதம் கைக்கு வரும்வரை அந்தக் கோப்பு வீட்டில் இருக்க வேண்டும்.

கல்லூரியிடம் பணம் திரும்பக் கேட்க முடியுமா?

காரணத்தைப் பொறுத்தது. நீங்களாக விலகினால் ஒப்பந்தத்தில் உள்ள பணம் திரும்பத் தரும் விதிமுறையைப் பார்க்க வேண்டும். சொன்ன பயிற்சி நடக்கவில்லை, அங்கீகாரம் இல்லாத பயிற்சியை அங்கீகாரம் உள்ளது என்று சொல்லிச் சேர்த்தார்கள், மையமே மூடப்பட்டது என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கும்.

1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, தொடர்ச்சியாக வழங்கப்படும் எதிர்காலச் சேவைக்கான ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசுகிறது. பயனீட்டாளர் இடையில் ரத்துச் செய்தால் சேவை வழங்குபவர் முழுப் பணத்தையும் வைத்துக்கொள்ள முடியாது. ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காடு, பயன்படுத்திய பொருள்களின் விலை, அதுவரை பெற்ற சேவையின் மதிப்பு ஆகியவையே அங்கு அளவுகோல். கைப்பணம் கட்டித் தனியார் குறுகிய காலப் பயிற்சிகளில் சேர்ந்தவர்கள் இப்பிரிவை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அது ஒரு குறிப்பிட்ட பயிற்சிக்குப் பொருந்துமா என்பதை நடுவர் மன்றம் முடிவு செய்யும்.

மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுச் செய்யக் கட்டணம் 5 ரிங்கிட் மட்டுமே. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். 2019 வரை இந்த வரம்பு 25,000 ரிங்கிட்டாக இருந்தது. பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே பேசலாம். முதல் பாரத்தில் நடந்ததை எழுதி, ஒப்பந்தம், ரசீது, கடிதங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்தால் போதும். நடுவர் மன்றத்தின் உத்தரவை 14 நாள்களுக்குள் பின்பற்றாவிட்டால் அது குற்றமாகும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்லூரியுடன் தகராறு நடக்கிறது என்பதால் கடன் தவணை தானாக நிற்காது. தகராறு இருப்பதைக் கடன் அமைப்புக்கு எழுதித் தெரிவியுங்கள்; கல்லூரி திருப்பித் தரும் பணம் கடன் கணக்கில் வரவு வைக்கப்பட வேண்டும் என்றும் கேளுங்கள்.

எப்போதோ நின்றுவிட்டவர்கள் என்ன செய்வது?

நம் வட்டாரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடன் பாரத்தில் எழுதிய முகவரி தோட்ட முகவரி. பிறகு தோட்டம் விற்கப்பட்டது, லயத்து வீடுகள் காலியாயின, குடும்பம் புக்கிட் பெருந்தோங்கிற்கோ ரவாங் தாமான் ஒன்றிற்கோ குடிபெயர்ந்தது. கடிதங்கள் இன்னும் பழைய தோட்ட ஆபீசுக்கே போகின்றன. ஒரு நாள் நீதிமன்றத் தாள் வரும்போதுதான் விஷயம் தெரிகிறது.

அழைப்பாணை வந்தால் ஒதுக்கி வைக்க வேண்டாம். பெற்ற நாளிலிருந்து 14 நாள்களுக்குள் ஆஜராவதற்கான பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் உங்கள் தரப்பைக் கேட்காமலேயே தீர்ப்பு வந்துவிடும். அப்படித் தீர்ப்பு வந்துவிட்டாலும், அது கையில் கிடைத்த 30 நாள்களுக்குள் அதை ரத்துச் செய்ய மனுப் போடலாம். பழைய முகவரிக்கு அனுப்பியதால் தாள் கைக்கு வரவில்லை என்பது அங்கே சொல்ல வேண்டிய காரணங்களில் ஒன்று. குறைந்த வருமானம் உள்ளவர்கள் சட்ட உதவித் துறையையும் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையும் நாடலாம்.

நீதிமன்றம் வரை போகாதவர்கள் கடன் அமைப்பிடம் மைகாட் எண்ணைக் கொடுத்து நிலுவையைக் கேட்பதே முதல் படி. கடன் எவ்வளவு என்று தெரியாமல் பயப்படுவதைவிட, தொகையைத் தெரிந்துகொண்டு திட்டமிடுவது மேல். பிடிபிடிஎன் கடன் கட்டாதவர்கள் வெளிநாடு செல்ல முடியாதபடி விதிக்கப்பட்ட தடை 2018-இல் நீக்கப்பட்டது. அதை மீண்டும் கொண்டுவருவது பற்றிய பேச்சு அதன்பின் பலமுறை எழுந்துள்ளது. சிங்கப்பூரில் வேலைக்குப் போக நினைப்பவர்கள் டிக்கெட் வாங்கும் முன் கணக்கைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பல கடன்கள் சேர்ந்து மூச்சு முட்டும் நிலையில் இருப்பவர்களுக்கு, பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. ஆலோசனை இலவசம். சம்பளம், வீட்டுச் செலவு, எல்லாக் கடன்கள் ஆகியவற்றையும் எடுத்துக்கொண்டு போனால் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருவார்கள். பணம் வாங்கிக்கொண்டு "கடனை அழித்துத் தருகிறோம்" என்று முகநூலில் விளம்பரம் செய்பவர்களிடம் போக வேண்டாம்.

இந்த ஆண்டு சேரவிருப்பவர்களுக்கு

கையெழுத்திடும் நாளிலேயே விலகும் விதிமுறையையும் கேட்டுவிடுங்கள். பயிற்சி மையம் திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் பெற்றதா, டிப்ளோமா என்றால் எம்கியூஏ எனப்படும் மலேசியத் தகுதி முகவாண்மையின் பதிவேட்டில் அது உள்ளதா என்று நீங்களே பாருங்கள். முகவர் காட்டும் தாளை மட்டும் நம்ப வேண்டாம். மனிதவள அமைச்சின் கீழுள்ள அரசாங்கப் பயிற்சிக் கழகங்களில் அதே துறை குறைந்த கட்டணத்தில் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டிலிருந்து மையத்திற்குத் தினமும் எப்படிப் போய் வருவது, தங்கும் விடுதிக்கு மாதம் எவ்வளவு, உதவித்தொகை தாமதமானால் முதல் இரண்டு மாதச் செலவுக்கு என்ன வழி என்று பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து கணக்கிடுங்கள். பாதியில் நிற்பவர்களில் பலர் பாடம் கடினமாக இருந்ததால் நின்றவர்கள் அல்லர். இந்தச் செலவுக் கணக்கு முதலிலேயே போடப்படாததால் நின்றவர்கள்.

அப்படியும் விட வேண்டிய நிலை வந்தால், பிள்ளை அதை வீட்டில் சொல்லப் பயப்படாத சூழல் இருக்க வேண்டும். ஒரு பருவம் மறைத்து வைத்தால் அந்தப் பருவத்தின் பணமும் கடனில் ஏறும். அன்றே சொன்னால், அடுத்த நாளே இரண்டு கடிதங்களையும் எழுதிவிடலாம்.